நன்னீரில் கீரை நிமிர்கிறது, செங்குழியம் வெடிக்கிறது: ஏன்?

வாடித் தொங்கும் ஒரு கட்டுக் கீரையை நல்ல தண்ணீர் வாளியில் அரை மணிநேரம் போட்டு வைத்தால் தண்டு விறைத்து இலை நிமிர்ந்துவிடும். அதே வாளியில் ஒரு துளி இரத்தத்தை விட்டால் அதிலுள்ள செங்குழியங்கள் நொடிக்கணக்கில் உடைந்து தீர்ந்துவிடும். தண்ணீர் ஒன்றுதான், அது கலத்துக்குள் போன விதமும் ஒன்றுதான். முடிவு மட்டும் நேரெதிர். இந்த ஒரு வேறுபாடு சரியாக விளங்கிவிட்டால் பிரசாரணத்தில் பெரும்பகுதி விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதைச் சவ்வூடுபரவல் என்று போட்டிருப்பார்கள்.)

எல்லாக் கலங்களையும் ஒரு மென்சவ்வு சுற்றியிருக்கிறது. தடிப்பு 7 அல்லது 8 நனோமீற்றர்தான். நீர் மூலக்கூறு இதனூடாக உள்ளேயும் வெளியேயும் போய்வரும். உப்பு அயன்களும் சீனி மூலக்கூறுகளும் அவ்வளவு இலகுவில் கடக்கமாட்டா. செங்குழியம் போன்ற கலங்களில் நீர் கடப்பதற்கென்றே புரதத்தாலான நுண்வாய்க்கால்களும் இருக்கின்றன. அக்குவாபோரின் என்று பெயர். அதைக் கண்டறிந்ததற்காகத்தான் பீற்றர் ஏகருக்கு 2003இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

மென்சவ்வின் இரு பக்கமும் கரைந்துள்ள பொருளின் அளவு வேறுபட்டால், கரைசல் ஐதாக இருக்கும் பக்கத்திலிருந்து செறிவாக இருக்கும் பக்கத்துக்குத் தேறிய நீரோட்டம் நடக்கும். இதுதான் பிரசாரணம். இந்தத் "தேறிய" என்பதை விட்டுவிட்டு எழுதினால் பரீட்சையில் புள்ளி போகும், விளக்கமும் பிசகும். நீர் எப்போதும் இரு திசையிலும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சமநிலை வந்த பிறகும் அது நிற்பதில்லை, போவதும் வருவதும் சமமாகிவிடுகின்றன, அவ்வளவுதான். "உப்பு தண்ணீரை இழுக்கும்" என்று வீட்டில் சொல்வது பேச்சுக்குப் பரவாயில்லை. ஆனால் உப்பு அங்கே எதையும் பிடித்து இழுப்பதில்லை. கரையம் கூடிய பக்கத்தில் நீரின் அழுத்தம் (நீரழுத்தம், அதாவது நீர் அங்கிருந்து வெளியேற முனையும் அளவு; அமுக்கம் வேறு. தூய நீருக்கு இது பூச்சியம், கரையம் சேர்ந்தால் மறையாகும்) குறைந்துவிடுவதால் அந்தப் பக்கத்திலிருந்து புறப்படும் நீர் குறைகிறது, மற்றப் பக்கத்திலிருந்து வருவது குறையவில்லை.

நிறையைப் பார்க்காதீர்கள், துணிக்கைகளை எண்ணுங்கள்

தொடக்கத்தில் பலர் சறுக்கும் இடம் இது. ஒரு லீற்றரில் 9 கிராம் கறியுப்பு கரைந்த நீரும் ஒரு லீற்றரில் 105 கிராம் சீனி கரைந்த நீரும் பிரசாரணத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றே. உப்பின் மூலர்த் திணிவு 58.5, சீனியினது 342. அதோடு உப்பு கரையும்போது சோடியம், குளோரைட்டு என இரண்டாகப் பிரிகிறது, சீனி பிரிவதில்லை. கணக்குப் பார்த்தால் இரண்டிலும் லீற்றருக்குச் சுமார் 0.31 மோல் (துணிக்கைகளை எண்ணும் அலகு) துணிக்கைகள் வரும்.

இதை அமுக்கமாக மாற்றும் சமன்பாட்டைத் தந்தவர் வான்ற் ஹொஃப். இரசாயனத்துக்கான முதலாவது நொபெல் பரிசு 1901இல் அவருக்கே போனது. துணிக்கைச் செறிவை வாயு மாறிலியாலும் தனி வெப்பநிலையாலும் பெருக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு 30 பாகை என்று எடுத்தால், லீற்றருக்கு 1 மோல் துணிக்கைக்கு ஏறத்தாழ 2.5 மெகாபாஸ்கல் வரும். 1 மெகாபாஸ்கல் என்பது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 10 மடங்கு. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்புகள் உள்ளன. துணிக்கைக் கணக்கில் அது 1 மோலை ஒட்டி வரும். எனவே கடல்நீரின் பிரசாரண அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 25 மடங்கு. எங்கள் இரத்தத் திரவவிழையத்தில் (கலங்கள் நீங்கிய திரவப் பகுதியில்) சுமார் 0.29 மோல் இருப்பதால் அதற்கு 7 மடங்குதான். திருகோணமலை உப்புவெளிக் கடலில் விழுந்து தத்தளிப்பவர் தாகத்துக்குக் கடல்நீரைக் குடித்தால் தாகம் கூடுவதற்கும் இந்த இடைவெளிதான் காரணம். குடித்த நீரிலுள்ள உப்பை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடுதலான நீரைச் சிறுநீரகம் செலவிட வேண்டியிருக்கிறது.

செங்குழியத்துக்கு நேர்வது

மனிதச் செங்குழியம் இரு பக்கமும் குழிந்த தட்டு. விட்டம் 7.5 மைக்ரோமீற்றர் அளவு. உப்புச் செறிவு 0.9 சதவீதமாக உள்ள நீரில் அது வடிவம் மாறாமல் இருக்கும். செறிவு குறையக் குறைய நீர் உள்ளே வந்து, முதலில் குழி நிரம்பி உருண்டையாகும். அதுவரைக்கும் மென்சவ்வு இழுபடத் தேவையில்லை, மடிந்திருந்த இடம் விரிகிறது. உருண்டையான பிறகு இடமில்லை. மென்சவ்வின் பரப்பு சில சதவீதத்துக்குமேல் இழுபடாது, கிழிந்துவிடும். ஆரோக்கியமான மனித இரத்தத்தில் 0.5 சதவீதத்தை ஒட்டி உடைவு தொடங்கி, 0.3 சதவீதத்தை ஒட்டி ஏறக்குறைய எல்லாம் உடைந்து முடியும். மறுபக்கம், 3 சதவீத உப்புநீரில் போட்டால் நீர் வெளியேறிக் கலம் சுருங்கி விளிம்பெல்லாம் முள்முள்ளாகிவிடும்.

நுணுக்குக்காட்டி இல்லாமலே இதைப் பார்க்கலாம். இரண்டு சோதனைக்குழாயில் ஒன்றில் 0.9 சதவீத உப்புநீர், மற்றதில் காய்ச்சி வடித்த நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு துளி இரத்தம் விட்டு மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்தால், உப்புநீர்க் குழாயூடாக எழுத்துத் தெரியாது. முழுக் கலங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. நன்னீர்க் குழாயில் நிறம் சிவப்பாகவே இருக்கும், எழுத்தை வாசிக்கலாம். கலம் உடைந்து ஈமோகுளோபின் நீரில் கலந்துவிட்டது. இறைச்சிக் கடையில் ஆட்டு இரத்தம் வாங்கிச் செய்தால் இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். உறையாதிருக்க, 3.8 சதவீதச் சோடியம் சித்திரேற்றுக் கரைசல் 1 பங்குக்கு இரத்தம் 9 பங்கு என்ற அளவில் பிடித்த உடனே கலக்க வேண்டும். இரண்டாவது, ஆட்டின் செங்குழியம் சிறியது, மனிதருடையதைவிட இலகுவில் உடையும். 0.5 சதவீதத்தில் "முழுக்க உடைந்துவிட்டதே" என்று மாணவர்கள் குழம்புவது இதனால்தான். குலுக்கிக் கலக்கினாலும் கலம் உடையும், அது பிரசாரணமாகாது.

வைத்தியசாலையில் ஏற்றும் சேலைன் ஏன் 0.9 சதவீதம் என்பதற்கும் வெறும் நீரை ஏன் நாளத்தில் ஏற்றமாட்டார்கள் என்பதற்கும் இதுதான் விடை. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற்றிலும் இதே எண்ணிக்கை விளையாட்டு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய வாய்வழி நீரேற்றச் சூத்திரத்தில் லீற்றருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். மொத்தத் துணிக்கை 0.245 மோல், அதாவது இரத்தத்தைவிடச் சற்று ஐது. பைக்கற்றில் சொன்ன அளவைவிடக் குறைந்த தண்ணீரில் "கடுமையாக" கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது கரைசல் இரத்தத்தைவிடச் செறிவாகி, குடலுக்குள் நீர் வரும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கூடும்.

இங்கே ஒரு பொறி. யூரியாவை லீற்றருக்கு 18 கிராம் கரைத்தால் துணிக்கைக் கணக்கில் அது செங்குழியத்துக்குச் சமம். ஆனாலும் அதில் போட்ட செங்குழியம் உடைந்துவிடும். யூரியா மென்சவ்வைக் கடக்கக்கூடியது. அது உள்ளே வந்துவிட, கூடவே நீரும் வருகிறது. ஆகவே வெளியே எத்தனை துணிக்கை இருக்கிறது என்பதோடு, அவற்றில் எவை உள்ளே வரமுடியாதவை என்பதையும் பார்க்க வேண்டும்.

சுவர் இருந்தால் கதை வேறு

தாவரக் கலத்தில் மென்சவ்வுக்கு வெளியே செலுலோசாலான கலச்சுவர் உண்டு. சைக்கிள் ரியூப்பைத் தனியே எடுத்துக் காற்றடித்தால் ஒரு பக்கம் ஊதி வெடிக்கும். ரயருக்குள் வைத்து அடித்தால் வெடிக்காமல் இறுகும். மென்சவ்வு ரியூப், கலச்சுவர் ரயர். நீர் உள்ளே வர வர மென்சவ்வு சுவரை அமுக்குகிறது, சுவர் திருப்பி அமுக்குகிறது. அந்த எதிர் அமுக்கம் ஏறி, உள்ளே வரத்துடிக்கும் நீரின் போக்கை ஈடுசெய்யும் கட்டத்தில் தேறிய வரவு நின்றுவிடும். உள்ளே இன்னும் கரையம் கூடத்தான் இருக்கிறது, இருந்தும் நீர் வராது. இலைக் கலங்களில் இந்த வீக்கவமுக்கம் 0.5 முதல் 1 மெகாபாஸ்கல் வரை இருப்பது சாதாரணம். கீரைத் தண்டில் மரவைரம் ஏதும் கிடையாது, அதை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த அமுக்கம்தான்.

சுவரிருந்தால் வெடிக்கவே வெடிக்காது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பல செடிகளின் மகரந்தமணி தூய நீரில் விழுந்தால் வெடிக்கும். பூக்கும் நேரத்தில் மழை பிடித்தால் காய்ப்பு குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். நீண்ட வெயிலுக்குப் பிறகு ஐப்பசி மழை ஒரே அடியாகக் கொட்டும்போது பழுக்கும் தக்காளியின் தோல் பிளப்பதும் நீர் வேகமாக ஏறுவதால்தான்.

பற்றீரியாவுக்கும் சுவர் உண்டு. அதன் உள்ளே கரையம் வெளியைவிட மிகக் கூட, ஆனாலும் அது குளத்து நீரில் நிம்மதியாக வாழ்கிறது. பெனிசிலின் செய்வது இந்தச் சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பதுதான். பற்றீரியா வளரும்போது சுவரில் பலவீனமான இடம் விழுகிறது, நீர் புகுந்து அது வெடிக்கிறது. கொன்றது மருந்தா தண்ணீரா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். செறிந்த சீனிக் கரைசலில் வைத்துப் பெனிசிலின் கொடுத்தால், சில பற்றீரியாக்கள் சுவரிழந்தும் உருண்டையாக உயிரோடிருக்கும். எங்கள் கலங்களுக்குச் சுவரே இல்லாததால் இந்த மருந்துக்கு எங்களில் குறிவைக்க ஒன்றுமில்லை. அமீபா, பரமீசியம் போன்ற சுவரில்லாத நன்னீர் உயிரிகள் வேறு வழி வைத்திருக்கின்றன. உள்ளே வரும் நீரைச் சுருங்கும் புன்வெற்றிடத்தில் சேர்த்து, நேரத்துக்கு நேரம் வெளியே பீச்சிவிடுகின்றன.

செறிந்த கரைசலில் தாவரக் கலத்தைப் போட்டால் சுவர் நிற்கும், மென்சவ்வு மட்டும் உள்ளே சுருங்கும். இதைப் பார்க்க றியோ இலைதான் நல்லது. மேலே பச்சையும் கீழே ஊதாவுமாக, பாடசாலை வளவுகளில் அழகுக்கு நட்டிருப்பார்கள். இலையை ஊதாப் பக்கம் மேலே வரும்படி பிடித்து முறித்து இழுத்தால் மெல்லிய தோல் உரியும். அதில் சிறு துண்டு வெட்டி 5 சதவீத உப்புநீர்த் துளியில் வைத்துப் பாருங்கள். முதலில் கலம் முழுக்க ஊதாவாக இருக்கும். சில நிமிடத்தில் மூலைகளில் நிறம் விலகும். பிறகு ஊதா ஒரு பக்கமாகத் திரண்டு, சுவருக்கும் அதற்கும் நடுவே நிறமற்ற இடைவெளி தெரியும். அந்த இடைவெளியில் இருப்பது வெற்றிடமா என்று கேட்டால் பலர் ஆம் என்பார்கள். இல்லை, அங்கே வெளியிலிருந்து வந்த உப்புநீர் நிரம்பியிருக்கிறது. கலச்சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடும். இதுதான் முதலுருச்சுருக்கம். உடனே நன்னீருக்கு மாற்றினால் ஊதா மீண்டும் விரியும். நெடுநேரம் விட்டால் கலம் இறந்து நிறம் வெளியே கசியும், பிறகு எந்த நீரில் போட்டும் பயனில்லை. தோல் ஊதாவாக இல்லாமல் பச்சையாகத் தெரிந்தால் தடித்து உரிந்துவிட்டது என்று அர்த்தம், வேறு துண்டு எடுங்கள்.

அளந்து பார்க்க உருளைக்கிழங்கு

ஒரே கிழங்கிலிருந்து 5 சென்ரிமீற்றர் நீளமும் 1 சென்ரிமீற்றர் அகலமுமான கீலங்கள் வெட்டுங்கள். தோல் ஒட்டியிருக்கக் கூடாது, அது நீரைத் தடுக்கும். லீற்றருக்கு 0, 0.1, 0.2, 0.3, 0.4, 0.5 மோல் என ஆறு சீனிக் கரைசல்கள் தேவை. 100 மில்லிலீற்றர் செய்ய முறையே 0, 3.4, 6.8, 10.3, 13.7, 17.1 கிராம் சீனி. இதை 100 மில்லிலீற்றர் நீருக்குள் கொட்டுவது தவறு. கொஞ்ச நீரில் கரைத்துவிட்டுப் பிறகு 100 வரை நிரப்ப வேண்டும். 17 கிராம் சீனி தானே 10 மில்லிலீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும்.

கீலங்களைத் துடைத்து நிறுத்து, கரைசலுக்கு மூன்றாகப் போட்டு, மூடி, நிழலில் ஒன்றரை மணிநேரம் விடுங்கள். மூடாமல் விட்டால் இங்குள்ள காற்றில் நீர் ஆவியாகிச் செறிவு மாறும். இரவு முழுக்க விட்டால் சீனி புளிக்கத் தொடங்கும். எடுத்ததும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒற்றியெடுத்து நிறுக்க வேண்டும். ஒன்றை அழுத்தித் துடைத்து மற்றதை ஈரத்தோடு நிறுத்தால் வரைபு கோணிவிடும். கீலங்கள் தொடக்கத்தில் ஒரே நிறையாக இருக்கமாட்டா, ஆகவே கிராம் மாற்றத்தை விட்டுச் சதவீத மாற்றத்தைக் குறியுங்கள்.

நன்னீரில் வைத்த கீலம் விறைத்து, வளைத்தால் படக்கென்று முறியும். 0.5 மோலில் வைத்தது துவண்டு விரலில் சுற்றும். வரைபில் மாற்றம் பூச்சியமாகும் இடம் 0.27 மோலில் வந்தது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கிழங்கின் நீரழுத்தம் 0.27 பெருக்கல் 2.52, அதாவது மறை 0.68 மெகாபாஸ்கல். புதிய கிழங்கில் பெறுமானம் கூடக் குறைய வரும். இப்படிக் கிடைப்பது நீரழுத்தம், கரைய அழுத்தம் (நீரழுத்தத்தில் கரையத்தால் மட்டும் வரும் பங்கு) இல்லை. கிழங்குக் கலத்தில் தொடக்கத்திலேயே கொஞ்சம் வீக்கவமுக்கம் இருந்தது. கரைய அழுத்தம் வேண்டுமென்றால் றியோ உரியில் பாதிக் கலங்கள் சுருங்கத் தொடங்கும் செறிவைத் தேட வேண்டும். அங்கே வீக்கவமுக்கம் பூச்சியம்.

ஈரம் இருந்தும் வாடும் பயிர்

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் ஏறிய வயல்களிலும் தோட்டங்களிலும் பயிர் கருகியது நீரில்லாமல் இல்லை. மண் நிறைய நீர் இருந்தது, அந்த நீரின் அழுத்தம் வேர்க்கலத்தினதைவிடத் தாழ்ந்துவிட்டது. நெல்லுக்கு மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கும். கடல்நீரினது 50 அளவில். கிணற்றில் கடல்நீர் நிரம்பிய இடங்களில் அதை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்ய முயன்றது சில இடங்களில் எதிராகவே முடிந்தது. கரையோர மணலில் நன்னீர் உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறும். மழைதான் அதைக் கழுவியது. செடியடியில் உரத்தைக் குவித்துவிட்டுத் தண்ணீர் விட மறந்தால் இலை நுனி கருகுவதும் இதே கணக்கில்தான்.

கிண்ணியாப் பக்கம் களப்போரத்தில் நிற்கும் கண்ணா என்ற கண்டல் மரம் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? கடல்நீரின் மறை 2.5 மெகாபாஸ்கலுக்கும் கீழே தன் அழுத்தத்தைக் கொண்டுபோய்விடுகிறது. கண்டல் வகைகளின் காழுக்குள் (நீரை மேலே கொண்டுபோகும் குழாய்களுக்குள்) மறை 3 முதல் 6 மெகாபாஸ்கல் வரை அளந்திருக்கிறார்கள். உப்பின் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடும். தப்பி ஏறியதை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளும். மழையில்லாத நாளில் கண்ணா இலையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், பொடிப்பொடியாக உப்புப் படிகம் மினுங்கும். நக்கினால் கரிக்கும்.

மீன்களில், கடல்மீனின் இரத்தம் கடல்நீரின் மூன்றிலொரு பங்கு செறிவுதான். அதனால் அது ஓயாமல் நீரை இழந்து, கடல்நீரைக் குடித்து, உப்பைப் பூக்களால் (செவுள்களால்) வெளியேற்றுகிறது. குளத்து மீன் குடிப்பது அரிது. ஐதான சிறுநீரை ஏராளமாகக் கழிக்கிறது. மாரியில் மகாவலி பெருகிக் கொட்டியாரக் குடாவுக்குள் நன்னீர் தள்ளும்போது, இரண்டு வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யக்கூடிய இனங்கள்தான் ஆற்றுவாய்ப் பக்கம் நிலைக்கும். நீரில் நெடுநேரம் நின்றால் விரல் நுனி திரைவதையும் பலர் பிரசாரணத்தில் சேர்க்கிறார்கள், அது பிழை. விரலுக்கான நரம்பு அறுபட்டவருக்கு அந்தத் திரைவு வராது. நரம்பு குருதிக் குழாய்களைச் சுருக்குவதால்தான் தோல் மடிகிறது.

கருவாடும் அதில் பிடிக்கும் சிவப்பும்

மீனைப் பிளந்து மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ உப்பு என்ற அளவில் அடுக்கினால், தசைக் கலங்களிலிருந்தும் அங்குள்ள பற்றீரியாவிலிருந்தும் நீர் வெளியேறும். தொட்டியின் அடியில் சில மணிநேரத்தில் தேங்கும் உப்புத் தண்ணீர் அதுதான். உப்பைக் கஞ்சத்தனமாகப் போட்டால் மேற்பரப்பு இறுகி, உள்ளே ஈரம் நின்று, முள்ளோரம் நாறும். பெரிய மீனைக் கீறிவிடுவது உப்பு உள்ளே போவதற்கு.

சில கருவாட்டில் சில நாளில் இளஞ்சிவப்பாக வழுவழுப்புப் பிடிக்கும். உப்புக் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் உப்புப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பலன் இருக்காது. அந்தச் சிவப்பு நுண்ணுயிர்களால் வருவது, அவை உப்பளத்து உப்போடு வந்தவை. முற்றிய உப்புப் பாத்திகள் சிவப்பாகத் தெரிவதும் இதே வகையினால்தான். கடல்நீரைவிடப் பல மடங்கு செறிந்த உப்பில்தான் அவை செழிக்கும், உள்ளேயும் அதே அளவு உப்பை வைத்திருக்கும். அவற்றில் பல இனங்களின் சுவர் உப்பு இருந்தால்தான் கட்டுக்கோப்பாக நிற்கும். நன்னீர் பட்டால் சுவர் கலைந்து கலம் உடைந்துவிடும். தடித்த சுவருள்ள சில இனங்கள் இதற்கும் தாங்கும் என்பதால் ஒரு முறை கழுவுவது போதாது. தொட்டி, பெட்டி, கத்தி, பலகை எல்லாவற்றையும் நன்னீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முற்றாகக் காயவிட வேண்டும். சிவப்புப் பிடித்த மீனில் போட்ட உப்பை அடுத்த மீனுக்கு எடுக்கக் கூடாது.